ஆங்கில இலக்கியம் யாருக்கான பாடம்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த குரூப் எடுப்பது? அறிவியலா, கணக்குப் பதிவியலா என்று நான்கு பேரிடம் கேட்கிறோம். ஆங்கிலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் இருக்கிற பாடம், பாஸ் ஆனால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பாடத்துக்குள் இலக்கியம் இருக்கிறது. அது யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது சமூகநீதிக் கேள்வி.

தென்சென்னையில் பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை ஒட்டிய நங்கநல்லூரைப் பாருங்கள். கட்டணம் வாங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் அங்கே உண்டு, அரசு மேல்நிலைப் பள்ளியும் உண்டு. ஒரே ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பொது ஆங்கிலத்துக்குப் பதிலாக இலக்கியம் கூடுதலாக உள்ள ‘எலெக்டிவ் இங்கிலீஷ்’ எடுக்க இடம் இருக்கிறது. ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்தில் இலக்கியத்துக்கென்றே தனித்தாள் உண்டு. இங்கிலாந்தில் இதே வயதுப் பிள்ளைகள் ‘ஏ லெவல்’ படிப்பில் ஆங்கில இலக்கியத்தை முழுப் பாடமாக இரண்டு ஆண்டு படிக்கலாம்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் இரண்டு தாள்களாக இருந்தது. 2018-19 முதல் ஒரே தாள். பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மை; அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இலக்கணம், கடிதம், கட்டுரை, கவிதை, கதை எல்லாம் அந்த ஒரே தாளுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தமிழுக்குச் ‘சிறப்புத் தமிழ்’ என்ற விருப்பப் பாடம் உண்டு. ஆங்கிலத்துக்கு இருப்பது பேச்சுக்கும் வேலைக்குமான ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’தான். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேலைக்கு மட்டும் போதும் என்று முடிவு செய்தது யார்?

இருக்கிற பாடநூல் மோசமானதல்ல. பிளஸ் ஒன் புத்தகத்தில் நைஜீரியக் கவிஞர் கேப்ரியல் ஒகாராவின் கவிதை இருக்கிறது. வாயால் உபசரித்துவிட்டு, மறுபடி போனால் கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி ஒரு தகப்பன் மகனிடம் பேசுகிறான். ஊர்த்தெருவுக்குப் போய் வாசலோடு திரும்பிய சேரிப் பிள்ளைக்கு இந்தக் கவிதையை விளக்க யாரும் தேவையில்லை. வகுப்பிலேயே முதலில் கை தூக்க வேண்டியது அந்தப் பிள்ளைதான். ஆனால் நடப்பது என்ன? கைடில் உள்ள ஐந்து வரிச் சுருக்கத்தை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துபோகிறது.

பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேரும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் நம்மிடையே பலர். கைடைத் தவிர வேறெதையும் படிக்காமல் ஷேக்ஸ்பியரின் முழு நாடகத்துக்கு முன் உட்காரும்போது திணறுவது அவர்கள் குற்றமல்ல. அடித்தளம் போடாத பள்ளிக் கல்வியின் குற்றம்.

இந்தத் துறை நமக்கு ஏன் வேண்டும்? சாவித்திரிபாய் பூலே 1854-இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் கற்கச் சொன்னார். அண்ணல் அம்பேத்கர் 1936-இல் சாதி ஒழிப்பு நூலை ஆங்கிலத்தில் எழுதினார், உலகம் படித்தது. 1992-இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ 2000-இல் ஆங்கிலமாகி, பல்கலைக்கழக வகுப்பறைகளுக்குள் போனது. அதே பாமாவின் எழுத்தையும் கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளையும் 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்யும் மேசையில் நம் பிள்ளைகளும் பேராசிரியர்களாக உட்கார வேண்டும். அதற்கான படிப்பு பிளஸ் ஒன்னில் தொடங்குகிறது.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. சிறப்புத் தமிழைப் போல ஆங்கில இலக்கியத்தையும் விருப்பப் பாடமாக்கி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நடத்துங்கள். அதில் தலித் எழுத்தாளர்களின் மொழிபெயர்ப்புகளுக்கு இடம் கொடுங்கள்.

மாணவர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. முதலில் அதைத் தமிழில் படியுங்கள். பிறகு ஆங்கிலத்தில் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அடுத்து ‘கருக்கு’. உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். நங்கநல்லூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எட்டும் தூரம்தான். அகராதி ஒன்றைக் கூட வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தால் போதும். கைடைப் பரீட்சைக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம்.