டொமைனுக்கும் ஒரு தட்கல் ரூல் வேணும்

சிம்போசியத்துக்காக ஒரு பேட்ச் டொமைன் வாங்கும். அடுத்த பேட்ச் ரினியூ பண்ண மறந்துடும். கொஞ்ச மாசம் கழிச்சு பழைய போஸ்டர்ல இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா சூதாட்ட சைட் திறக்கும். "மறந்தது உங்க தப்புதானே?" என்று கேட்கலாம். சரிதான். என் கேள்வி வேற: கைவிட்டுப் போன பெயர் அடுத்து யாருக்குப் போகணும்?

டாட் காம் பெயர் காலாவதியானதும் உடனே போயிடாது. 45 நாள் வரை ரினியூ அவகாசம் இருக்கலாம். நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியா 5 நாள் காத்திருப்பு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நல்ல பெயர்னா பல ரெஜிஸ்ட்ரார்கள் அதுவரைக்கும் விடறதில்லை, முன்னாடியே ஏலம் போட்டுடுவாங்க. தப்பி வெளியே வந்தாலும், அதுக்குன்னே இருக்கிற கம்பெனிகளோட பாட்கள் நொடியில பிடிச்சிடும். முதலில் வந்தவருக்கே முதலிடம்னா, மனுஷன் எப்பவும் இரண்டாவதுதான்.

தகராறு வந்தா? சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, தொடுத்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகக் குறி போலப் பாதுகாப்பு உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனா அவ்வளவு தூரம் போக வசதி வேணும். டாட் காம் தகராறை உலக அறிவுசார் சொத்து அமைப்புக்குக் கொண்டுபோனாலே கட்டணம் 1,500 டாலரில் தொடங்குது. அம்பத்தூர் எஸ்டேட்ல நாலு லேத் வச்சிருக்கிறவர் லட்ச ரூபாய்க்கு மேல கட்டுவாரா? அவரோட பழைய ஈமெயிலுக்கு வர்ற ஆர்டரெல்லாம் டொமைனைப் பிடிச்சவன் கைக்குப் போகும்.

வேகம் மட்டுமே நியாயம் இல்லைனு நம்ம ஊர்லயே ஒத்துக்கிட்டாச்சு. 2025 ஜூலையிலிருந்து தட்கல் திறக்கிற முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்கள் புக் பண்ண முடியாது. துண்டிச்ச மொபைல் நம்பரை 90 நாளுக்குள்ள இன்னொருத்தருக்குத் தரக்கூடாது. ஆர்டிஇ சீட்டுக்கு விண்ணப்பம் அதிகமானா குலுக்கல்.

டாட் இன் பெயர்களை நிர்வகிக்கிற நிக்சி, மத்திய ஐடி அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கு. அதுவும் இதைச் செய்யலாம்: மீட்புக் காலம் முடியும் முன் ஏலம் கூடாது; அப்புறம் ஒரு நாள் விண்ணப்பம், ஆளுக்கு ஒண்ணு; போட்டி இருந்தா குலுக்கல். டொமைன் வியாபாரிகளும் வரட்டும், எல்லாரோடயும் சேர்ந்து ஒரே ஒரு சீட்டோட.

அதுவரைக்கும் ஃபைனல் இயர் நண்பர்களே, ஜூனியர்கிட்ட பேனரையும் கணக்கு நோட்டையும் கொடுக்கும்போது டொமைன் லாகினையும் சேர்த்துக் கொடுங்க.