வைஸ்-சான்ஸலருக்கும் ஒரு வாத்தியார்

நமது நண்பர் ஒருவர் தம் புதல்வியின் பட்டச் சான்றிதழுக்காக ஒரு சர்வகலாசாலைக்கு மூன்று தடவை யாத்திரை போய் வந்தார். முதல் தடவை அது அச்சாகவில்லை. இரண்டாந் தடவை அச்சாகியிருந்தது, கையெழுத்தாகவில்லை. மூன்றாந் தடவை, கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதிலேயே ஆபீஸில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. பெண்ணுக்குக் கிடைத்திருந்த உத்தியோகம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

நண்பர் ரிஜிஸ்திராரை வைதார். நமக்கு வைய மனம் வரவில்லை. அந்த மனிதர் சமீபகாலம் வரையில் ரஸாயனப் பேராசிரியராக இருந்தவர். நன்றாகப் பாடம் சொல்வார் என்று பெயர் வாங்கியவர். கோப்புகளை நடத்துவது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

யோசித்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. மோட்டார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கவும் பயிற்சி வேண்டும். வைஸ்-சான்ஸலராக வருகிறவரிடம் யு.ஜி.ஸி.யின் 2018-ஆம் வருஷத்து விதிகள் கேட்டதெல்லாம், முக்கியமாக, பத்து வருஷம் பேராசிரியராக இருந்த அனுபவந்தான். வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

பழைய நாளில் இந்தத் தொல்லை குறைவு. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை சர்வகலாசாலைகள் பிறந்தபோது, பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே அவற்றின் வேலை. ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஒருவர் தமது வேலை போக மிஞ்சிய பொழுதில் அதை நடத்திவிடலாம். ஸர் அசுதோஷ் முகர்ஜி ஜட்ஜாக இருந்துகொண்டே 1906 முதல் 1914 வரையில் கல்கத்தாவில் வைஸ்-சான்ஸலராகவும் விளங்கினார். கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த நமது ஸி. வி. ராமனைப் பேராசிரியர் பீடத்துக்கு இழுத்து வந்த புண்ணியவானும் அவரேதான். ஆனால் அசுதோஷ்கள் வருஷந்தோறும் பிறப்பதில்லையே! 1948-ல் நியமனமான ராதாகிருஷ்ணன் கமிஷன், இது முழு நேர வேலை என்று சொல்லிவிட்டது. அந்தக் கமிஷனில் அங்கத்தினராயிருந்த டாக்டர் ஏ. லக்ஷ்மணஸ்வாமி முதலியார் 1942 முதல் 1969 வரையில், 27 வருஷம், சென்னையில் வைஸ்-சான்ஸலராக இருந்தார். பிரசவ வைத்தியரான அவர் நிர்வாகத்தை நிர்வாகம் செய்தே கற்றுக்கொள்ள அவகாசம் இருந்தது. பிற்காலத்தில் அங்கே வந்தவர்களுக்குக் கிடைத்ததோ மூன்று வருஷம். எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று அறிவதற்குள் முதல் வருஷம் போய்விடும். மூன்றாவது வருஷம் பிரிவுபசாரங்களில் கழிந்துவிடும்.

பயிற்சிக்கு ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டோம். கல்வி நிர்வாகிகளைப் பழக்குவதற்காக யுனெஸ்கோவின் உதவியுடன் 1962-ல் டில்லியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அதன் வழிவந்த தேசிய ஸ்தாபனம் 1979-ல் உருவாயிற்று. 1987 முதல் ஆசிரியர்களுக்கென்று ஸ்டாப் காலேஜுகள் தோன்றின. பிறகு 2019-ல், தலைமைக்கு அடுத்த படியில் இருக்கும் பேராசிரியர்களைத் தயார் செய்ய "லீப்" என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். மொத்தம் மூன்று வாரம்: இரண்டு வாரம் உள்நாட்டில், ஒரு வாரம் வெளிநாட்டில்.

கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்பதைவிட முன்னாடியே கற்பது நல்லதுதான். அந்த மட்டில் நமக்குத் திருப்தியே. வெளிநாட்டு வாரத்தையும் நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் அந்த ஏழு நாட்களில் ஒரு நாளையாவது நமது ஊர்ச் சர்வகலாசாலை ஒன்றின் பரீட்சைப் பகுதி ஜன்னலுக்கு வெளியே, வரிசையில் நின்று கழிக்கச் சொல்லலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் ஸூபரின்டென்டெண்டுக்கும் பாடம் நடத்துவதைப் பற்றி யாரும் அதிகம் பிரஸ்தாபிப்பதில்லை. சான்றிதழ் அவர்கள் மேஜையில்தான் தூங்குகிறது.

நண்பர் வருகிற திங்கட்கிழமை நாலாவது யாத்திரை கிளம்புகிறார். கையில் கட்டுச்சாதம் எடுத்துப் போகும்படி சொல்லியிருக்கிறோம்.