கணக்கு தெரியாத வீடு எது?

“கடலுக்குப் போறவன் வீட்டுப் பிள்ளைக்கு அக்கவுண்டன்சி எங்கே வரும்? நாலு முக்கியக் கேள்வியைக் குறித்துக் கொடு, உருப்போடட்டும், பாஸ் ஆயிடும்.” காமர்ஸ் குரூப்பில் சேர்ந்த கடலோரப் பிள்ளைகளைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாக்கியம் இது. உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இதே மருந்துதான். வீட்டில் கணக்கு இல்லை, வரி இல்லை, பொருளாதாரம் இல்லை; ஆகவே விடையை ஊட்டிவிடுவதுதான் உதவி என்கிறார்கள். இந்த நம்பிக்கை முழுப் பொய்.

பிளஸ் டூ கணக்குப்பதிவியலின் முதல் பாடமே முழுமை பெறாத பதிவேடுகளிலிருந்து கணக்கு எடுப்பதுதான். அதாவது, சரியாக எழுதிவைக்காத சிறு வியாபாரியின் லாபத்தைக் கண்டுபிடிப்பது. புதுச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையத்தில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணைவிட இதற்கு நல்ல உதாரணம் எந்த கைடில் இருக்கிறது? இறுதி முதலோடு எடுப்புகளைக் கூட்டி, கூடுதல் முதலையும் தொடக்க முதலையும் கழித்தால் லாபம். மாணவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது எடுப்புகளை. மீன் விற்ற காசில் அம்மா வழியிலேயே அரிசி வாங்கி வருகிறாளே, அதுதான் எடுப்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சூத்திரம் மறக்காது. ஆசிரியர்களான நாம் சொல்வதில்லை. “ஏ, பி என்ற இரு வியாபாரிகள்” என்றே தொடங்குகிறோம்.

தேய்மானமும் அப்படித்தான். பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதைப் பங்கு பிரிக்கும்போது ஆளுக்கு மட்டுமா கொடுக்கிறார்கள்? படகுக்கும் வலைக்கும் என்ஜினுக்கும் சேர்த்துத்தான் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். படகு ஏன் பங்கு வாங்குகிறது என்று ஒரு பையனைக் கேளுங்கள். அது பழசாகும், வலை கிழியும், போட்ட பணத்துக்கு ஏதாவது திரும்பி வர வேண்டும் என்று அவனே சொல்வான். தேய்மானம் தனி, முதலீட்டின் வருவாய் தனி என்று பிரித்துக் காட்டுவது மட்டும்தான் நம் வேலை.

தினம் வசூலிக்கும் தண்டல் கடன் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் அறியாமை காசு கேட்கிறது. பத்தாயிரம் கடனென்று பேச்சு. 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “பதினஞ்சு பர்சென்ட்தானே” என்பார்கள். ஆனால் கையில் வந்தது 8,500தான். அதிலும் அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. முறைப்படி போட்டுப் பார்த்தால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காட்டுக்கு வந்து நிற்கும். தண்டல்காரரை தினம் வாசலில் பார்க்கிற பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கொடுக்காமல், கற்பனை வங்கியின் கூட்டு வட்டியைக் கொடுத்துவிட்டு, “ஆர்வமில்லை” என்று நாமே புகார் செய்கிறோம்.

வரியில் பொய் இன்னும் பெரிது. ‘ஏழை வரி கட்டுவதில்லை’ என்பதை அந்தப் பிள்ளைகளே நம்புகிறார்கள். வருமான வரி கட்டாததை வரியே கட்டாததாகக் குழப்புவதால் வந்த வினை. பச்சை மீனுக்கும் உப்புக்கும் ஜிஎஸ்டி இல்லைதான். ஆனால் செல்போன் ரீசார்ஜுக்கு 18 விழுக்காடு. 299 ரூபாய் ரீசார்ஜில் வரி எவ்வளவு? பெரும்பாலோர் 299க்கு நேராக 18 விழுக்காடு போட்டு 53 ரூபாய் 82 காசு என்பார்கள். தவறு. வரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் 45 ரூபாய் 61 காசு. ஊரும் கைகொடுக்கும்: தெற்கே முத்தியால்பேட்டை புதுச்சேரி, வடக்கே காலாப்பட்டு புதுச்சேரி, நடுவில் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மாநில வரி மாறும்; புதுச்சேரி பங்கில் விலை குறைவு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மத்திய வரி, மாநில வரி வேறுபாட்டை இதைவிட மலிவாக எங்கே கற்பிக்க முடியும்?

“இதெல்லாம் சரி, பரீட்சைக்கு?” என்று கேட்பார்கள். நியாயம்தான், குறிப்பேட்டில் கோடு போடும் முறையையும் பழக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணை மாற்றி, தொடக்க முதலை மறைத்துக் கேட்டால் உருப்போட்டவன் பேனாவை மூடுகிறான்.

கடைசியாக ஒரு கணக்கு: மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒரு மாணவனின் அப்பா 1,500 ரூபாய் கட்டுகிறார். அரசு 3,000 சேர்க்கிறது. மீன் குறைந்த மாதங்களில் 4,500 கைக்கு வருகிறது. ‘அரசு 4,500 கொடுத்தது’ என்று ஊரே பேசும். அதில் 1,500 தன் அப்பா போட்ட பணம் என்று பிரித்து எழுதச் சொல்லும் கேள்வி எந்த வினா வங்கியிலாவது இருக்கிறதா?