பகைவனுக்கும் நியாயம் வேண்டும்!
தனி ஆள் நடத்தும் பொம்மைப் போர்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம். தெருவில் தறிச் சத்தம் கேட்கிறது. ஒரு வீட்டின் கூடத்தில் சிறுவன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளலாம். அவனைச் சுற்றிக் களிமண் யானைகள், குதிரைகள், காலாட்கள். "மேற்கே இருந்து படை வருகிறது" என்று அவன் தனக்குத் தானே பேசுகிறான்.

"என்னடா இது, தானா பேசிக்கிட்டிருக்கே? எழுந்து போய்ப் படி!" என்று ஆயா அதட்டுவாள்.

அதட்டத் தேவை இல்லை. அதுவும் படிப்புதான்.

புது விளையாட்டு அல்ல

பொம்மைப் போர் வீரர்களை வைத்து வீட்டில் போர் நடத்துவது புதிது அல்ல. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913-ம் ஆண்டிலேயே இதற்கு விதிகள் எழுதி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் போரை வெறுத்தவர். உண்மைப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்றார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது!

துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் இதை ஆடலாம். ஒருவனே இரண்டு படைகளையும் நடத்த வேண்டும். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டியதில்லை. ஒரு படையெடுப்பு முழுவதையும் வாரம் கொஞ்சமாகப் பல மாதம் ஆடலாம்.

எந்தப் போரை ஆடுவது?

ரோமாபுரிக்கும் கிரேக்கத்துக்கும் போக வேண்டாம். காஞ்சிக்கும் வாதாபிக்கும் நடந்த போரே போதும். பல்லவரும் சாளுக்கியரும் 100 ஆண்டுகளுக்கு மேல் மோதிக் கொண்டார்கள். வாதாபி இன்று கர்நாடகத்தில் பாதாமி என்ற ஊராக இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கி வந்தான். பிறகு பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மணிமங்கலத்தில் அவனை முறியடித்தான். 642-ம் ஆண்டையொட்டி வாதாபியையே பிடித்தான்.

தரையில் நாடு

முதலில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட வேண்டும். காஞ்சிக்கும் பாதாமிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். ஒரு சாணுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 11 சாண். கூடத்தில் அடங்கிவிடும்.

படை நாளைக்கு 15 கிலோமீட்டர் நடப்பதாக வைத்தால், நேர்வழியிலேயே 37 நாள் ஆகும். அத்தனை நாளும் யானைக்குத் தீனி வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும். வழியில் துங்கபத்திரை ஆறு குறுக்கே நிற்கும். மழைக்காலமானால் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். வாளைவிட வயிறுதான் போரை நடத்துகிறது என்பது பத்தாம் நாளிலேயே புரிந்துவிடும்.

இன்னொரு விதியும் தேவை. படை தங்கும் ஊரில் நெல் குறைய வேண்டும். அந்தக் கணக்கும் நோட்டில் ஏற வேண்டும். உழுபவனும் நெய்பவனும் இல்லாத போர் எங்கும் நடந்ததில்லை.

திருட்டு ஆட்டம்

இங்கேதான் சங்கடம். காஞ்சிச் சிறுவன் காஞ்சி ஜெயிக்கத்தானே ஆசைப்படுவான்? பகைவனை வேண்டும் என்றே முட்டாளாக நடத்துவான். கேட்க ஆள் இல்லை.

அதற்கு வழி உண்டு. பகைவனுக்கு முன்னால் உள்ள மூன்று நல்ல யோசனைகளை மூன்று சீட்டில் எழுத வேண்டும். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வந்தாலும் அதன்படியே நடக்க வேண்டும். நல்ல யோசனைகளை எழுத வேண்டுமானால் பகைவனின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

ராஜாக்களுக்கே இது கடினமாக இருந்தது. புலிகேசியின் படைக்கு அஞ்சிப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கினான் என்கிறது 634-ம் ஆண்டின் ஐஹொளே கல்வெட்டு. காசாக்குடிச் செப்பேடோ, காஞ்சிக்கு அருகே உள்ள புள்ளலூரில் மகேந்திரவர்மன் பகைவரை வென்றான் என்கிறது. அந்தப் பகைவர் யார் என்று செப்பேடு சொல்லவில்லை. புலிகேசியே என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. அப்படியானால் ஒரே படையெடுப்பு. இரு பக்கமும் வெற்றி! இரண்டையும் படித்தவனுக்கே பாதி உண்மையாவது கிடைக்கும்.

தூணில் ஒரு சாட்சி

பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் இதற்காக வெகுதூரம் போக வேண்டாம். கைலாசநாதர் கோயில் அங்கேயே இருக்கிறது. வாதாபியைப் பிடித்த நரசிம்மவர்மனின் கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் கட்டிய கோயில் அது.

வாதாபி வீழ்ந்து ஏறக்குறைய 100 ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிக்குப் பழி என்று கோயிலை இடித்திருக்கலாம். அவன் இடிக்கவில்லை. கோயிலின் செல்வத்தைக் கண்டு மகிழ்ந்து, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். மண்டபத் தூண் ஒன்றில் உள்ள கன்னடக் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

ஜெயித்தவன் தன் புகழைத் தானே எழுதிக்கொண்டான் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். கோயில் இன்றும் நிற்கிறதே! அவன் எழுத்தும் அதே தூணில் நிற்கிறது. அவன் அரசி லோகமகாதேவி இந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எழுப்பினாள். அதன் அமைப்பில் காஞ்சிக் கோயிலின் சாயல் தெரிகிறது.

போர் விளையாட்டு பிள்ளைகளை முரடர் ஆக்கும் என்று பெற்றோர் பயப்படுவது நியாயமே. ஒரே பக்கம் நின்று ஆடினால் ஆக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, இரண்டு படைக்கும் சோறு போட்டு, இரண்டு பக்கத்துச் சாவையும் எண்ணியவன் முரடன் ஆக மாட்டான்.

ஆகவே கூடத்தில் ஒரு மூலையை விட்டுக் கொடுக்கலாம். ஆயா தரும் சரிகைத் துண்டு பல்லவர் கொடிக்கு ஒன்று, சாளுக்கியர் கொடிக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும்!