வெள்ளைப் பந்தி!

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளையில வா. எங்கேன்னு மட்டும் கேட்காதே!"

2016 ஜூன். பாரிஸ்ல படிச்சுட்டு இருந்தப்போ, லேப் தோழி இப்படித்தான் என்னை விருந்துக்குக் கூப்பிட்டா. பேரு 'தினே ஆன் பிளான்'. வெள்ளை விருந்துன்னு அர்த்தம். ஜோடி ஜோடியாத்தான் போகணுமாம். அவ அண்ணனுக்கு ஜோடி கிடைக்கலை... நமக்கு அடிச்சது லக்!

கதை 1988-ல ஆரம்பிக்குது. ஃபிரான்சுவா பாஸ்கியேங்கிறவர் நண்பர்களை ஒரு பெரிய பூங்காவுக்கு சாப்பிடக் கூப்பிட்டார். கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கணுமே? 'வெள்ளை போட்டுட்டு வாங்க'ன்னார். அவ்வளவுதான் மேட்டர். இப்போ பல நாடுகள்ல நடக்குது.

என் பிரச்னை டிரெஸ். கவுனுக்கு பட்ஜெட் இல்லை. லா சப்பல்ல இருக்கிற ஈழத்தமிழர் கடைக்கு ஓடினேன். கடைக்கார அக்கா, "ஆருக்குப் பிள்ளை வெள்ளைச் சீலை? செத்த வீடோ?"ன்னாங்க. "இல்லக்கா, பார்ட்டி!" மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் பில் போட்டாங்க. போன்ல அம்மா அதுக்கும் மேல. "வயசுப் பொண்ணு, வெள்ளைச் சேலையாடி? வேற எதுவுமே கிடைக்கலையா?"

அம்மாவைச் சொல்லிக் குத்தமில்லை. எங்க வீட்டுல வெள்ளைச் சேலைன்னா அப்பத்தாதான். 31 வயசுல தாத்தா போனதும் கட்டினது. அக்கா கல்யாணத்துல முகூர்த்தம் முடியற வரைக்கும் அப்பத்தா காய்கறி ரூமைவிட்டு வெளியே வரலை. கடைசிப் பந்தியில உட்கார்ந்தப்போ பாயசம் தீர்ந்துபோச்சு. 'எனக்கு எதுக்குடி இனிப்பு?'ன்னு மோர் ஊத்தி சாப்பிட்டுட்டு எந்திரிச்சுது.

சரி, விருந்துக்கு வருவோம். மேஜை, நாற்காலி, விரிப்பு, பீங்கான் தட்டு, சாப்பாடு... சகலமும் நாமதான் சுமந்துட்டுப் போகணும். பிளாஸ்டிக் தட்டு கூடாது. ஒயின் ஓகே, பீர் நோ! (இது எந்த ஊர் நியாயம்?) மெட்ரோ ரயில் முழுக்க மடக்கு மேஜையோட வெள்ளைக் கூட்டம். டீம் லீடர் பின்னாடியே போய் வெளியே வந்து பார்த்தா... ப்ளாஸ் வாந்தோம்! நெப்போலியன் சிலை உச்சியில நிக்கிற அந்தத் தூணைச் சுத்தி, நகைக் கடைகளுக்கு நடுவுல, கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை மேஜைங்க.

எல்லாரும் நாப்கினைத் தலைக்கு மேல சுத்தினாங்க. பந்தி ஆரம்பம்! நான் கொண்டு போனது தயிர் சாதம், மேல மாதுளை முத்து. எதிர்ல இருந்த பெரியவர் மூணு தடவை கேட்டு வாங்கி சாப்பிட்டார். என் சேலையைப் பார்த்து நாலு பேர் 'எங்க வாங்கினே?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஏனோ தொண்டையை அடைச்சுது.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. சுத்தி நின்னு போட்டோ எடுத்தவங்களும் அதே தெருவுலதான் நின்னாங்க. ஆனா யாரும் 'வாங்க, உட்காருங்க'ன்னு கூப்பிடலை. வெள்ளை போட்டா மட்டும் போதாது, உள்ளே ஆள் தெரியணும்.

பத்து மணிக்குத்தான் இருட்டுச்சு. கம்பி மத்தாப்பு கொளுத்தினோம். அப்புறம் அவங்கவங்க குப்பையை அவங்கவங்களே பையில கட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சு.

மறுநாள் வாட்ஸ்அப்ல அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். அப்பத்தா போனைப் பிடுங்கி ரொம்ப நேரம் பார்த்துச்சாம். அப்புறம் லைன்ல வந்துச்சு.

"ஏன்டி, இம்புட்டு வெள்ளைச் சேலையா? எத்தனாவது பந்தியில உக்கார வச்சாக?"

"ஒரே பந்திதான் அப்பத்தா. எல்லாரும் ஒண்ணா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பாயசம் இருந்துச்சா?"

"நாமதான் கொண்டு போகணும் அப்பத்தா. சோறு, தட்டு, மேஜை எல்லாமே."

"அடியாத்தீ! சோத்தையும் சுமந்துக்கிட்டுப் போயி, குப்பையையும் கட்டிக்கிட்டு வரணுமா? என்னடி விருந்து இது!"