பத்தியம் தொலைத்த மருந்து

காரைதீவிலோ அயலூர்களாகிய சாய்ந்தமருது, நிந்தவூரிலோ, ஈரலிற் கொழுப்புப் படிந்துள்ளதென்ற ஸ்கான் அறிக்கையோடு வீடு திரும்புபவருக்கு அயலார் முதலிற் கூறும் மருந்து கீழ்க்காய்நெல்லி. அடுத்தது, ஈரலைச் சுத்தம் செய்யுமென்ற உறுதிமொழியுடன் விலைப்படும் மூலிகைப் போத்தல். வேளாண்மை வெட்டிக் கண்ட காசு இவ்வாறும் கரைகின்றது.

இந்நம்பிக்கை செங்கண்மாரியிடம் பெற்ற கடன். 'ஏ' வகை ஈரல் அழற்சியால் வரும் செங்கண்மாரி பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தானே தணியும். தணிந்த புகழோ மூலிகையைச் சேர்ந்தது. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர், 'பி' வகை வைரசைச் சுமந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் கீழ்க்காய்நெல்லியால் அதனின்று நீங்கினர் என 'லான்செற்' இதழில் எழுதினர். பிறர் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. கொழுப்பீரலோ முற்றிலும் வேறான நோய். பல்லாண்டு ஓசையின்றி இருந்து, சிலரின் ஈரலை இறுகச் செய்து விடுவது.

மூலிகைதானே, என்ன தீங்கு என்பர். சீந்தில் உட்கொண்ட அறுவரின் ஈரல் பழுதுற்றதை மும்பை வைத்தியர்கள் 2021இல் வெளியிட்டனர். செடியைச் சரிவர இனங்காணவில்லையென இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. மறு ஆண்டே 13 நிலையங்களிலிருந்து 43 நோயாளரின் விபரம் வெளிவந்தது.

இங்கு பரிசாரியாரைப் பழிப்பதற்கில்லை. அவர் மருந்தோடு பத்தியமும் விதித்தார். போத்தல் வியாபாரி பத்தியத்தைக் கழித்துவிட்டு மருந்தை மட்டும் விற்கிறான். கொழுப்பீரலுக்குப் பயன்படுவது அவன் கழித்த பாதியே! உடல் நிறையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் ஈரற்கொழுப்புக் குறையும். 7 முதல் 10 வரை குறைந்தால் அழற்சியும் தணியும். எண்பது கிலோ உடையவர் நான்கு கிலோவிலிருந்து தொடங்கலாம். இதனையும் அவசரப்பட்டுப் பட்டினியாக்குவோர் உளர். மிக விரைவாக மெலிவது ஈரலின் அழற்சியைக் கூட்டவும் கூடும்.

ராகமையில் 35 முதல் 64 வயது வரையான 2985 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவில், 974 பேருக்கு இந்நோய் இருந்தது. மூவரில் ஒருவர்! காரைதீவு வயலில் அரிவாள் பிடித்த கையின் வேலையை இன்று இயந்திரம் செய்கின்றது. சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் மாறவில்லை. தேநீரிற் சீனியும் அப்படியே. எண்ணெயைக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும் வைத்தியர்கள் சோற்றையும் சீனியையும் ஏன் மறக்கின்றனர்? நடவுங்கள் என்கின்றனர். அடுப்படியில் நாள் முழுதும் நிற்கும் பெண் எந்த வேளையில், எந்த வீதியில், யாருடைய பார்வைக்கு அஞ்சாது நடப்பாள்? பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஊர்க்கூட்டம் கூட்டுவோர், மாலையில் ஒரு மணி நேரம் பாடசாலை மைதானத்தைப் பெண்களுக்கென ஒதுக்கித் தர முன்வருவரா?