பிக்கப் மாத்தணும்ப்பா!

திருமழிசையோ திருநின்றவூரோ, எலெக்ட்ரிக் கிட்டார் பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒருநாள் இந்தக் கோரிக்கை வரும். பர்ஸைத் திறக்கும் முன் பிரிட்ஜைப் பாருங்கள்.

காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்தான் பிக்கப். மேலே தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கும். சுருதி பிசகியிருந்தால் அபஸ்வரமும் சேர்ந்தே பெரிதாகும்!

புதுத் தந்தி மாட்டி, டியூனரில் சுருதி சேர்த்து, 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரவேண்டும். சுருதி ஏறினால், பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் சாடிலைக் கழுத்திலிருந்து தள்ளி நகர்த்துங்கள். இறங்கினால் கழுத்துப் பக்கம். மறுபடி சுருதி சேர்த்துச் சோதியுங்கள். செலவு, ஒரு ஸ்க்ரூடிரைவர்! துருவேறி நகர மறுத்தால் பிரிட்ஜையே மாற்றலாம். திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸும் கருவியை மாற்றியவர்தான். மாண்டலினுக்கு வழக்கமாக நாலு ஜோடி, எட்டுத் தந்திகள். அவருடைய எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகள். கமகம் அதில்தான் வசப்பட்டது.

சுருதி சரி, ஆனால் ‘உம்ம்ம்’ என்று இரைச்சல் என்கிறானா? அப்போது பிக்கப் மாற்றுவது நியாயம். ஹம்பக்கர் கேளுங்கள். அதன் இரட்டைச் சுருள்கள் தந்தியின் ஒலியைக் கூட்டி, இரைச்சலை ஒன்றையொன்று அடித்துவிடும்.